தாடை மூட்டுத் தேய்வில் நொதிகளின் இடம்: விம்கோ நகரிலிருந்து ஒரு வாதம்

விம்கோ நகருக்குப் பெயர் கொடுத்தது ஒரு தீப்பெட்டிக் கம்பெனி. ஸ்வீடன்காரர்கள் 1923இல் இந்தியாவில் தொடங்கிய ‘வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி’யின் முதலெழுத்துகளைக் கோத்தால் வருவதே விம்கோ. திருவொற்றியூரில் அதன் ஆலை வந்தது. ஆலையை ஒட்டிக் குடியிருப்பும் புறநகர் ரயில் நிலையமும் வந்தன. 2021 பிப்ரவரியில் மெட்ரோ ரயிலும் வந்து சேர்ந்தது. அந்த ரயிலில் ஏறி இறங்குகிறவர்களில் எத்தனை பேருக்கு ஊர்ப் பெயருக்குள் தீக்குச்சி இருப்பது தெரியும் என்பது சந்தேகமே.

தாடை மூட்டைப் பற்றிய கட்டுரையைத் தீப்பெட்டியில் தொடங்கக் காரணம் உண்டு. தாடையைத் தாக்கிய பேர்போன தொழில்நோய் தீப்பெட்டித் தொழிலில்தான் தோன்றியது. குச்சியின் முனையில் வெள்ளைப் பாஸ்பரஸ் தடவிய காலத்தில், அதன் ஆவியை ஆண்டுக்கணக்கில் சுவாசித்தவர்களுக்குக் கீழ்த்தாடை எலும்பு செத்து, சீழ் வைத்து, துண்டு துண்டாகக் கழன்றது. வியன்னாவின் லோரின்சர் 1845இல் இதை எழுதினார். 1888இல் லண்டன் தீப்பெட்டி ஆலைப் பெண்கள் வேலைநிறுத்தம் செய்தபோது இந்த நோய் ஐரோப்பாவில் எல்லோரும் அறிந்த செய்தி. 1906இல் பெர்ன் உடன்படிக்கை வெள்ளைப் பாஸ்பரஸை விலக்கியது. இந்தியாவில் 1913இல் தடைச் சட்டம் வந்தது. ஆகவே விம்கோ பிறந்தபோது அந்த நஞ்சு சட்டப்படி பத்தாண்டுக்கு முன்பே வெளியேற்றப்பட்டிருந்தது.

பாஸ்பரஸ் கதை மருத்துவச் சிந்தனைக்கு ஒரு பழக்கத்தைக் கற்றுக்கொடுத்தது. நோய்க்கு ஒரு பொருளைப் பொறுப்பாக்கு, அதை விலக்கு, நோய் போய்விடும். பாஸ்பரஸ் விஷயத்தில் அது அப்படியே பலித்தது. கடந்த அறுபது ஆண்டுகளாக மூட்டுத் தேய்வு ஆராய்ச்சி ஏறக்குறைய அதே பழக்கத்தோடு நொதிகளை அணுகி வந்திருக்கிறது. குருத்தெலும்பைக் கரைப்பது இன்ன நொதி, அதை மருந்தால் அடக்கினால் தேய்மானம் நிற்கும் என்பது அதன் சுருக்கம். இந்தக் கட்டுரை அந்த அணுகுமுறையை ஏற்கவில்லை. தாடை மூட்டைக் கரைப்பதில் நொதிகளுக்குப் பங்கு உண்டு. அதை விரிவாகவே சொல்கிறேன். ஆனால் அவை ஏவிய வேலையைச் செய்யும் கூலியாட்கள். ஏவுவது, மூட்டின்மேல் விழும் சுமையும் அதை உயிரணுக்கள் உணரும் விதமும். இதற்கு நல்ல சான்று வடசென்னையில் பாக்கு மெல்லும் வாய்களில் கிடைக்கிறது, அதுவும் தேய்வுக்கு நேர் எதிரான இன்னொரு நோயின் வடிவில்.

முழங்காலின் நிழலில்

காதுத் துளைக்குச் சற்று முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடினால் தாடை மூட்டு விரலடியில் உருளுவது தெரியும். கீழ்த்தாடையின் குமிழ் முதலில் கதவுக் கீல்போலச் சுழல்கிறது. வாய் இன்னும் அகலத் திறக்கும்போது மண்டையோட்டின் சரிவில் முன்னோக்கி வழுக்கி இறங்குகிறது. இரண்டு எலும்புக்கும் நடுவில் நாரால் ஆன ஓர் இடைத்தட்டு இருக்கிறது. அது மூட்டை மேலறை, கீழறை என்று பிரிக்கிறது. வழுக்கல் மேலறையில், சுழற்சி கீழறையில். வலது மூட்டும் இடது மூட்டும் ஒரே எலும்பின் இரு முனைகள் என்பதால் ஒன்று நொண்டினால் மற்றது கூடுதல் சுமையைத் தாங்கியாக வேண்டும். இந்தக் கடைசி விவரம் பின்னால் தேவைப்படும்.

முழங்காலின் குருத்தெலும்பு கண்ணாடிபோல் வழவழப்பானது. அதில் பெரும்பகுதி இரண்டாம் வகைக் கொலாஜன். தாடைக் குமிழின் மேற்பரப்போ நார்க்குருத்து. அங்கே முதல் வகைக் கொலாஜன்தான் மிகுதி. இரண்டாம் வகை ஆழமான அடுக்குகளில்தான் வருகிறது. குமிழின் மேற்பரப்புக்கும் இந்த ஆழமான அடுக்குகளுக்கும் நடுவில் புது உயிரணுக்களைப் பெருக்கும் மெல்லிய அடுக்கு ஒன்று உண்டு. முழங்காலின் மூட்டுக் குருத்தில் இப்படி ஓர் அடுக்கு கிடையாது. அங்கே கொலாஜன் ஒருமுறை நெய்யப்பட்டால் நெய்யப்பட்டதுதான். 2000இல் வெளிவந்த ஒரு டச்சு ஆய்வு, மனித மூட்டுக் குருத்தெலும்பின் கொலாஜனுக்கு அரை ஆயுள் 100 ஆண்டுகளுக்கும் மேல் என்று கணக்கிட்டது. தோலில் உள்ள கொலாஜனுக்கு அது ஏறத்தாழ 15 ஆண்டுகள். தாடைக் குமிழ் வளர்ந்தவர்களிடத்திலும் சுமைக்குத் தக்கபடி தன் வடிவத்தை ஓரளவு திருத்திக்கொள்கிறது. அப்படித் திருத்த வேண்டுமென்றால் பழையதை உடைத்தாக வேண்டும். உடைக்க நொதி வேண்டும். ஆகவே தாடை மூட்டில் நொதியைக் கண்டதுமே அங்கே அழிவு நடக்கிறது என்று தீர்ப்பு எழுதிவிட முடியாது. முழங்காலுக்குத் தைத்த சட்டையைத் தாடைக்கு மாட்டிப் பார்த்ததால் வந்த பிழைகள் இத்துறையில் ஏராளம்.

முப்புரி நூலும் அதை வெட்டும் கத்தரியும்

கொலாஜனின் அமைப்பு தெரியவந்தது சென்னையில்தான் என்பதை நம்மவர்கள் போதிய அளவு சொல்லிக்கொள்வதில்லை. 1954இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் அது மூன்று இழைகளால் ஆன புரி என்று ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். அடுத்த ஆண்டு, அந்தப் புரியே மீண்டும் முறுக்கப்பட்டிருக்கிறது என்று திருத்தினார்கள். எக்ஸ்-கதிர்ப் படத்துக்கு அவர்கள் பயன்படுத்தியது கங்காருவின் வால் தசைநார். அதைப் பெற்றுத் தந்தது அடையாறில் உள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம். தோல் பதனிடும் துறைக்கும் மூட்டு நோய்க்கும் கொலாஜன் வழியே ஓர் உறவு உண்டு என்பதை இப்போதைக்கு நினைவில் வைத்துக்கொள்வோம்.

இந்த முப்புரி அமைப்பில் ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின் என்ற மிகச் சிறிய அமினோ அமிலம் உட்கார்ந்திருக்கிறது. அதனால் மூன்று இழையும் நெருக்கமாகப் பின்னிக்கொள்கின்றன. சோற்றையும் கறியையும் செரிக்கும் சாதாரணப் புரத நொதிகளால் இதில் பல் பதிக்க முடிவதில்லை. அப்படியானால் உடம்பு தன் கொலாஜனை எப்படி உடைக்கிறது? இதற்கு 1962இல் விடை கண்டவர்கள் ஜெரோம் கிராஸும் சார்லஸ் லாப்பியேரும். தவளையாக மாறும் தலைப்பிரட்டைக்கு வால் எங்கே போகிறது என்று தேடியபோது வாலின் திசுவில் கொலாஜனேஸ் என்ற நொதி அகப்பட்டது. அது கொலாஜன் இழையை ஒரே ஓர் இடத்தில், நீளத்தில் முக்கால் பங்கு தள்ளி வெட்டுகிறது. வெட்டுவதற்கு முன் அந்த இடத்தில் முறுக்கைத் தளர்த்திக்கொள்கிறது என்பது 2004இல் தெரியவந்தது. வெட்டுப்பட்ட துண்டுகள் உடல் வெப்பத்தில் தாமே பிரிந்து குழைந்துவிடுகின்றன. மீதியை ஜெலட்டினேஸ் வகை நொதிகள் பார்த்துக்கொள்கின்றன.

இந்தக் குடும்பத்துக்கு மேட்ரிக்ஸ் மெட்டலோபுரோட்டினேஸ் என்று பெயர், சுருக்கமாக எம்.எம்.பி. எல்லாவற்றின் வெட்டுவாயிலும் ஒரு துத்தநாக அணு உண்டு. எம்.எம்.பி-1, 8, 13 மூன்றும் கொலாஜனை வெட்டுபவை. அவற்றில் 13 குருத்தெலும்பின் இரண்டாம் வகைக் கொலாஜனைத் தேடிப் பிடிப்பது. எம்.எம்.பி-3 மற்றவற்றை முடுக்கிவிடும் மேஸ்திரி. 2, 9 இரண்டும் ஜெலட்டினேஸ்கள். இவை எல்லாமே செயலற்ற வடிவில்தான் சுரக்கின்றன. அவற்றின் முன்துண்டில் உள்ள ஒரு சிஸ்டீன் துத்தநாகத்தைப் பிடித்து வாயை அடைத்து வைத்திருக்கும். அந்தப் பிடி விட்டால்தான் நொதி வேலை தொடங்கும். பிறகும் அதை அடக்க டிம்ப் எனப்படும் நான்கு காவல் புரதங்கள் திசுவிலேயே சுற்றிக்கொண்டிருக்கின்றன. இத்தனை பூட்டு போட்டு உடம்பு ஒன்றைக் காக்கிறது என்றால் அது ஆபத்தானது என்பது மட்டுமில்லை, இல்லாமல் தீராதது என்பதும் பொருள்.

கொலாஜன் வலைக்குள் நீரைப் பிடித்துவைத்து அழுத்தத்தைத் தாங்குவது அக்ரிகேன் என்ற பெரும் மூலக்கூறு. மூட்டுத் தேய்வில் முதலில் போவது பெரும்பாலும் இதுதான். இதை வெட்டும் நொதிகள் வேறொரு குடும்பம். ஆடம்டிஎஸ்-4, ஆடம்டிஎஸ்-5 என்ற அவ்விரண்டும் 1999இல் இனங்காணப்பட்டன. ஆடம்டிஎஸ்-5 செயலற்ற எலிகளுக்கு முழங்கால் தேய்வு குறைவு என்று 2005இல் ‘நேச்சர்’ இதழ் இரண்டு ஆய்வுகளை வெளியிட்டது. நொதியையே குற்றவாளி என்பவர்களின் மிக வலுவான சான்று இது. 2009இல் எம்.எம்.பி-13 இல்லாத எலிகளிடமும் குருத்தெலும்பின் அரிப்பு குறைந்தது. இந்தச் சான்றுகளை நான் மறுக்கவில்லை. அவற்றிலிருந்து எவ்வளவு தூரம் போகலாம் என்பதில்தான் கருத்து வேறுபாடு.

தாடை மூட்டுநீரை ஊசியால் எடுத்துப் பார்த்த ஆய்வுகள் 1990களில் பெருகின. இடைத்தட்டு இடம்பெயர்ந்தவர்களிடமும் தேய்வுள்ளவர்களிடமும் எம்.எம்.பி-3, 2, 9 ஆகியவையும் அவற்றைத் தூண்டும் இன்டர்லூக்கின்-1 போன்ற அழற்சித் தூதுகளும் கூடுதலாக இருந்தன. இதோடு இன்னொரு நொதிக் கதையும் சேர்கிறது. ஜெருசலேமின் டோரிட் நிட்சன் முன்வைத்தது அது. மூட்டை வழுக்கவைப்பவை ஹயலூரானிக் அமிலமும் மேற்பரப்பில் படிந்த பாஸ்போலிப்பிடுகளும். அளவுக்கு மீறிய சுமையில் பிறக்கும் கட்டற்ற ஆக்சிஜன் கூறுகள் ஹயலூரானிக் அமிலத்தைத் துண்டாக்க, அதுவரை அதன் பாதுகாப்பில் இருந்த பாஸ்போலிப்பிடுகளை பாஸ்போலிப்பேஸ்-ஏ2 என்ற நொதி கரைக்கிறது. வழவழப்பு போனதும் இடைத்தட்டு மேலே ஒட்டிக்கொள்கிறது, வாய் பூட்டிக்கொள்கிறது. இந்த விளக்கத்தில் எனக்குப் பிடித்தது அதன் வரிசைமுறை. முதலில் சுமை, பிறகு வேதிச் சேதம், கடைசியில்தான் நொதி.

யார் ஏவியது?

அமெரிக்காவின் ஸ்டீபன் மிலாமும் கூட்டாளிகளும் 1990களில் வகுத்த கருதுகோளும் இதே திசையில்தான் போகிறது. பல்லைக் கடித்து அழுத்தும்போது மூட்டுத் திசுவின் நுண்குழல்கள் நசுங்கி ஆக்சிஜன் வரத்து நிற்கிறது. பிடி தளர்ந்ததும் ரத்தம் வெள்ளமாகப் பாய்கிறது. அந்த நொடியில் கட்டற்ற கூறுகள் உருவாகி, உயிரணுக்கள் அழற்சித் தூதுகளை அனுப்ப, தூது கிடைத்த அணுக்கள் எம்.எம்.பியைச் சுரக்கின்றன. தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பவர் ஓர் இரவில் இந்தச் சுழலைப் பலமுறை ஓட்டுகிறார்.

எலிகளில் செய்த ஒரு சோதனை இந்த வாதத்துக்கு எல்லாவற்றையும்விடத் துணை நிற்கிறது. எலியின் ஒரு பக்கத் தாடை மூட்டில் இடைத்தட்டின் ஒரு பகுதியை அறுத்து எடுத்தார்கள். அறுத்த பக்கம் தேய்ந்தது, அதில் வியப்பில்லை. கத்தியே படாத எதிர்ப்பக்க மூட்டின் குருத்தெலும்பும் சிதைந்தது என்பதுதான் 2014இல் வெளிவந்த முடிவு. அங்கே யாரும் நொதியைச் செலுத்தவில்லை. ஒரு பக்கம் நொண்டியதால் சுமை மறுபக்கம் போனது. நொதி சுமையின் பின்னால் போனது. இந்த ஆய்வாளர்கள் வரைந்த படிவரிசையும் கவனத்துக்குரியது. அழுத்தம் மாறியதும் ஹெச்டிஆர்ஏ-1 என்ற நொதி, உயிரணுவைச் சுற்றியுள்ள மெல்லிய உறையைக் கரைக்கிறது. உறை போனதும் உயிரணுவின் மேலுள்ள டிடிஆர்-2 என்ற ஏற்பி இரண்டாம் வகைக் கொலாஜனை நேராகத் தொடுகிறது. தொட்டதும் அணு எம்.எம்.பி-13ஐச் சுரக்கிறது. அதாவது தன் வேலி போய்விட்டது என்று உணரும் அணு வீட்டையே இடித்துக் கட்டப் பார்க்கிறது.

தாடை மூட்டு நோய் பெண்களிடம், அதிலும் பிள்ளை பெறும் வயதில், ஏன் கூடுதல் என்ற கேள்விக்கும் நொதியோடு தொடர்புள்ள ஒரு விடை உண்டு. 1998இல் சுனில் கபிலாவின் குழு, ரிலாக்சின் என்ற ஹார்மோன் தாடை மூட்டின் நார்க்குருத்து அணுக்களைக் கொலாஜனேஸ் சுரக்கத் தூண்டுகிறது, ஈஸ்ட்ரோஜன் முன்பே அங்கே இருந்தால் தூண்டல் கூடுகிறது என்று காட்டியது. மூட்டுச் சவ்வின் அணுக்களில் அது நிகழவில்லை. ஆகவே ஒரே சுமை எல்லா உடம்பிலும் ஒரே அளவு நொதியை ஏவுவதில்லை. சுமையே எல்லாம் என்று சொல்லி மறுகோடிக்குப் போவதும் தவறு.

நெதர்லாந்தின் குரோனிங்கன் பல்கலைக்கழகத்தில் தாடை மூட்டுத் தேய்வு நோயாளிகளை அறுவை இல்லாமல் பார்த்து, முப்பது ஆண்டுகள் கழித்து மறுபடி அழைத்துச் சோதித்தார்கள். எக்ஸ்-ரேயில் குமிழ் தட்டையாகி, வடிவம் மாறியிருந்தது. வலியோ பெரும்பாலோரிடம் அடங்கிவிட்டிருந்தது. நொதி செய்த வேலை எலும்பில் எழுதியிருக்கிறது. ஆள் சாப்பிடுகிறார், பேசுகிறார். அந்த வேலையின் ஒரு பகுதியையேனும் அழிவு என்று சொல்லாமல், மூட்டு புதிய சுமைக்குத் தன்னைச் செதுக்கிக்கொண்டது என்று படிக்க வேண்டியிருக்கிறது. முழங்காலுக்கு இந்தப் பாக்கியம் கிடையாது.

சிகிச்சையிலும் இது தெரிகிறது. நிட்சனும் கூட்டாளிகளும் 1991இல் அறிமுகம் செய்த மூட்டுக் கழுவல் முறையில் மேலறைக்குள் இரண்டு ஊசிகளைச் செருகி, ஒன்றின் வழியே உப்புக்கரைசலைச் செலுத்தி மற்றதன் வழியே வெளியேற்றுவார்கள். எந்த நொதியையும் தேடிப் பிடித்து அடக்கவில்லை. ஒட்டியிருந்த தட்டு விடுபடுகிறது, மூட்டுநீரின் கழிவு வெளியேறுகிறது, மூட்டு மறுபடி அசைகிறது. தட்டு பழைய இடத்துக்குத் திரும்பாமலேயே பலருக்கு வாய் திறக்கிறது.

அடக்கும் மருந்துகள் பட்ட பாடு

நொதியை அடக்கினால் போதும் என்ற எண்ணத்தைச் சோதனைக்கு விட்டபோது என்ன ஆயிற்று? பி.ஜி-116800 என்ற எம்.எம்.பி அடக்கியை முழங்கால் தேய்வுள்ளவர்களுக்கு ஓராண்டு கொடுத்துப் பார்த்த முடிவு 2007இல் வந்தது. பலன் தெரியவில்லை, தோள் மூட்டு வலியும் இறுக்கமும்தான் மிச்சம். அதற்கு முன்பே புற்றுநோய்க்குக் கொடுத்த மாரிமாஸ்டாட் என்ற எம்.எம்.பி அடக்கியிலும் மூட்டுகளும் தசைநார்களும் விறைத்துப்போன கதை தெரிந்ததுதான். ஆடம்டிஎஸ்-5ஐக் குறிவைத்துச் செய்த மருந்தொன்றை 900க்கும் மேற்பட்டவர்களுக்கு 52 வாரம் கொடுத்தார்கள். குருத்தெலும்பு மெலிவதை அது தடுக்கவில்லை என்று 2020இல் அறிவித்தார்கள். எலியில் பலித்தது மனிதரிடம் பலிக்கவில்லை.

டாக்சிசைக்ளின் கதை கொஞ்சம் நுட்பமானது. டெட்ராசைக்ளின் வகை மருந்துகள் கிருமியைக் கொல்வதோடு கொலாஜனேஸையும் அடக்கும் என்று லோர்ன் கோலப் 1983இல் கண்டார். அதன் பயனாக 20 மில்லிகிராம் டாக்சிசைக்ளின் ஈறு நோய்க்கு 1998இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. கிருமியைத் தொடாமல் நொதியை மட்டும் தணிக்கும் அளவு அது. ஈறு நோயில் அது ஓரளவு பலித்தது. முழங்காலில் 30 மாதச் சோதனை 2005இல் முடிந்தபோது, தேய்ந்த காலில் மூட்டு இடைவெளி குறைவது மூன்றில் ஒரு பங்கு மட்டுப்பட்டது. வலி குறையவில்லை. மறுகாலில் எந்த வேறுபாடும் இல்லை. மருந்து ரத்தத்தில் கலந்து இரண்டு கால்களுக்கும்தான் போயிருக்கும். எக்ஸ்-ரேயைச் சமாதானப்படுத்தி நோயாளியைச் சமாதானப்படுத்தாத மருந்தை எந்தக் கணக்கில் வெற்றி என்பது?

பாஸ்பரஸ் தாடையின் மறுபிறவியையும் இங்கேயே சொல்லிவிடலாம். புற்றுநோய்க்கும் எலும்பு மெலிவுக்கும் பிஸ்பாஸ்பனேட் மருந்து பெற்றவர்களிடம் தாடை எலும்பு சாவதை மயாமியின் ராபர்ட் மார்க்ஸ் 2003இல் எழுதினார். பழைய தீப்பெட்டி ஆலைகளில் கண்ட அதே காட்சி. சோலெட்ரோனேட் போன்ற மருந்துகள், எலும்பை அரிக்கும் அணுக்களுக்குள் ஃபார்னசில் பைரோபாஸ்பேட் சிந்தேஸ் என்ற நொதியை நிறுத்துகின்றன. அரிப்பு நிற்கிறது, அதோடு பழைய எலும்பை அகற்றிப் புதியதை வைக்கும் வேலையும் நிற்கிறது. தாடையைப் போல் ஓயாமல் பழுதுபார்க்கப்பட வேண்டிய எலும்பு அதைத் தாங்குவதில்லை.

வாய்க்குள் ஒரு தோல் பதனிடும் ஆலை

இனி எதிர்நோய்க்கு வருவோம். 1952இல் ஷ்வார்ட்ஸ் என்பவர் கிழக்கு ஆப்பிரிக்காவில் குடியேறிய ஐந்து இந்தியப் பெண்களிடம் வாயின் உள்தோல் இறுகி வாய் திறக்காமல் போவதைப் பதிவு செய்தார். அடுத்த ஆண்டு பம்பாயின் ஜோஷி அதைச் சளிச்சவ்வின் அடியிலே நார் படரும் நோய் என்று பெயரிட்டு எழுதினார். காரணம் பாக்கு என்பது இன்று ஐயமில்லாமல் தெரியும். பாக்கில் உள்ள அரிகோலின் நாரணுக்களைக் கொலாஜன் நெய்யத் தூண்டுகிறது. பாக்கில் மிகுதியாக உள்ள தாமிரம் லைசில் ஆக்சிடேஸ் என்ற நொதிக்குத் துணை. அந்த நொதிதான் கொலாஜன் இழைகளைக் குறுக்கே தைத்து இறுக்குகிறது. எம்.எம்.பி குறைகிறது, அதை அடக்கும் டிம்ப் கூடுகிறது. கட்டும் கை ஓங்கி, உடைக்கும் கை ஒடுங்கிவிடுகிறது.

இங்கேதான் சென்னையின் தோல் தொழில் நினைவுக்கு வருகிறது. ஆவாரம் பட்டையில் ஊறவைத்த தோல் ஏன் அழுகுவதில்லை? பட்டையின் டேனின் கொலாஜனோடு பிணைந்து, அழுகவைக்கும் நுண்ணுயிர்களின் நொதிகளுக்கு எட்டாதபடி அதை இறுக்கிவிடுகிறது. பெரியமேட்டுத் தோல் மண்டிகளிலிருந்து கப்பலேறிய கிழக்கிந்தியத் தோலின் வேதியியல் இதுதான். பாக்கிலும் காசுக்கட்டியிலும் இருப்பவை அதே இனத்துப் பொருள்கள். பாக்கின் பாலிபீனால்கள் கொலாஜனைக் கொலாஜனேஸுக்கு எளிதில் வெட்டுப்படாதபடி செய்கின்றன என்று 1987இலேயே ஆய்வு வெளிவந்தது. ஒரு நாளைக்கு இருபது முறை பாக்கை அடக்குகிறவர் தன் கன்னத்தைப் பதனிட்டுக்கொண்டிருக்கிறார் என்றால் அது உவமை ஆகாது.

இந்த எதிர்நோய்க்குப் பல ஆண்டுகளாக நம் பல் மருத்துவர்கள் தரும் சிகிச்சைகளில் ஒன்று, டெக்சாமெத்தசோனோடு ஹயலூரானிடேஸ் நொதியையும் இறுகிய கன்னத்துக்குள் ஊசியாகப் போடுவது. திசுவின் ஹயலூரானிக் அமிலத்தை உடைத்து இறுக்கத்தைத் தளர்த்துவது அந்த நொதியின் வேலை. தாடை மூட்டுத் தேய்வுக்கோ மூட்டுக்குள் ஹயலூரானிக் அமிலத்தையே ஊசியாகப் போடுகிறோம். ஒரே முகத்தில் ஓரிடத்தில் நொதி மருந்து. அடுத்த இடத்தில் அந்த நொதி உடைக்கும் பொருள் மருந்து. நொதி நல்லதா கெட்டதா என்ற கேள்வியே தவறானது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. எம்.எம்.பி அடக்கி கொடுத்தவர்களின் தோள் ஏன் இறுகியது என்பதற்கும் இங்கே ஒரு குறிப்பு கிடைக்கிறது. உடைக்கும் கையை மருந்தால் கட்டிப் போட்டாலும் பாக்கால் கட்டிப் போட்டாலும் கொலாஜன் இறுகத்தான் செய்யும்.

எண்ணூர் நெடுஞ்சாலை ஓரத்தில்

துறைமுகத்துக்குள் நுழையக் கன்டெய்னர் லாரிகள் மணிக்கணக்கில் வரிசைகட்டி நிற்கும் எண்ணூர் விரைவுச் சாலையில், மணலி கம்பெனி வாசல்களில், காசிமேட்டு ஏலக் கூடத்தில் பாக்கும் மாவாவும் பசிக்கும் தூக்கத்துக்கும் கைகண்ட மருந்தாக இருக்கின்றன. தமிழ்நாட்டில் குட்கா 2013 முதல் தடையில் இருந்தும் பொட்டலம் கைமாறுவது நின்றபாடில்லை. வெறும் பாக்குக்குத் தடையே கிடையாது. மெல்லுவது இரண்டு வேலை செய்கிறது. பாக்குச்சாறு கன்னத்தை இறுக்குகிறது. கொட்டைப்பாக்கின் கடினமும் ஓயாத அசைவும் மூட்டின்மேல் சுமையை ஏற்றுகின்றன. ஆகவே ‘வாய் திறக்கல, தாடை பிடிச்சிக்கிச்சு’ என்று வருகிற ஒருவரிடம் இரண்டு நோயும் சேர்ந்தே இருக்கலாம். அல்லது ஒன்று மட்டும் இருந்து மற்றதுக்கு மருந்து போய்க்கொண்டிருக்கலாம்.

பிரித்தறிவதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். காரம் பட்டால் வாய் எரிகிறது, கன்னத்தின் உட்புறம் வெளுத்திருக்கிறது, விரலால் தடவினால் கயிறுபோல் பட்டை தட்டுப்படுகிறது என்றால் அது நார் படர்ந்த வாய். திறக்கும்போது முகவாய் ஒரு பக்கம் ஒதுங்குகிறது, முன்பு ‘டக்’கென்று சத்தம் கேட்டு இப்போது நின்றுவிட்டது என்றால் இடைத்தட்டு பூட்டிக்கொண்டிருக்கிறது. காதருகே விரல் வைத்தால் மணலை மிதிப்பதுபோல் நறநறப்பது தேய்வின் குறி. தன் மூன்று விரல்களை அடுக்கிப் பல்லுக்கு நடுவே செருக முடிந்தால் திறப்பு ஏறக்குறைய 40 மில்லிமீட்டர், அது போதுமானது.

இந்த வேறுபாடு சிகிச்சையை மாற்றுகிறது. நார் படர்ந்த வாய்க்கு ஐஸ்கிரீம் குச்சிகளைப் பல்லிடுக்கில் ஒவ்வொன்றாகக் கூட்டி வாயைப் பிளக்கும் பயிற்சி தருவார்கள். பலன் தரும் பயிற்சிதான். ஆனால் மூட்டும் தேய்ந்திருப்பவரிடம் அதே குச்சிகளை வலிக்க வலிக்கத் திணித்தால் சுமை முழுதும் குமிழின்மேல் விழும்; சுமை விழும் இடத்தில் நொதி விழித்துக்கொள்ளும். மறுபுறம், மூட்டு வலி என்று மென்மையான உணவும் ஓய்வும் மட்டும் சொல்லி அனுப்பினால், நாரின் இறுக்கம் மாதந்தோறும் கூடிக்கொண்டே போகும். அந்த வாயில் புற்றுநோய் பிடிக்கும் வாய்ப்பும் உண்டு என்பதால் இந்த இரண்டாம் தவறு முதல் தவறைவிடப் பெரியது.

இதற்கெல்லாம் ஊருக்கு வெளியே போக வேண்டியதில்லை. ராயபுரத்துக்குப் பக்கத்தில் ஸ்டான்லி அரசு மருத்துவமனை இருக்கிறது. கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே, 1953இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் கிளையாகத் தொடங்கிய அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. விம்கோ நகரிலிருந்து மின்சார ரயிலிலும் மெட்ரோவிலும் போய்வரும் தூரம். குறை, நோயாளி முதலில் போகும் இடத்தில் இருக்கிறது. தொழில்நோய்களுக்கு இழப்பீடு தரும் சட்டத்தின் அட்டவணையில் பாஸ்பரஸ் நோய் இன்னும் இருக்கிறது. பாக்குத் தாடையும் தேய்ந்த மூட்டும் அங்கே கிடையாது. அட்டவணையைத் திருத்துவது நாளாகும் காரியம். திருவொற்றியூரிலும் மணலியிலும் எண்ணூரிலும் உள்ள இ.எஸ்.ஐ. மருந்தகங்களின் சீட்டில் இரண்டு வரி சேர்ப்பதற்கு நாளாகாது: வாய் எத்தனை மில்லிமீட்டர் திறக்கிறது, முகவாய் எந்தப் பக்கம் ஒதுங்குகிறது. அந்த இரண்டு வரிகளையும் அடுத்த முறை சீட்டு அச்சடிக்கும்போதே சேர்க்க வேண்டும்.